தேநீர்த் தீபகற்பம்

நாள் 5204. காலை 6:40

இதைத் திறந்து படிப்பவர் முதலில் உட்கார இடம் தேடிக்கொள்ளவும். இந்தக் கலத்தில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் அநேகமாக நான் இருப்பேன்.

கலத்தின் பெயர் தும்பி. ஆள் ஒருத்தி: செல்லக்கனி, ஒளி அளவீட்டாளர். எனக்குப் பின்னால் நெய்தல் என்ற பெரிய கப்பல் நானூறு பேரோடு வந்துகொண்டிருக்கிறது. முன்கூட்டியே போய், எதிரே இருக்கும் கோளில் கடல் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. உண்டு என்றால் நெய்தல் வேகம் தணித்து நிற்கும். நின்றால் எரிபொருள் தீர்ந்துவிடும். பிறகு கோள் எப்படி இருந்தாலும் அங்கேதான் வாழ வேண்டும், அல்லது வாழாமல் இருக்க வேண்டும். கடல் இல்லை என்றால் நிற்காமல் அடுத்த விண்மீனை நோக்கிப் போய்விடும். அது இன்னும் முப்பது வருடப் பயணம். நான் ஏற்கெனவே வேகம் தணித்துவிட்டேன். போகிற கப்பலைத் துரத்திப் பிடிக்கத் தும்பியால் முடியாது. அதாவது அவர்கள் நின்றால்தான் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

நெய்தல் முடிவெடுக்க வேண்டிய நாள் 5230.

கோளின் பெயர் நீலாங்கரை. பயணிகளிடையே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது. பெயர் வைத்த காலத்தில் அது படக்கருவியில் ஒற்றைப் புள்ளி. என்ன நிறமென்று யாருக்கும் தெரியாது. சென்னையில் வீடு வாங்க முடியாமல் போனவர்களின் வாக்கு மொத்தமாக விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

கருவிகள்: போன வாரம் தூசு மோதி ஆண்டெனாவில் முக்கால் பங்கு போய்விட்டது. வரும் செய்தியிலும் ஓட்டை, போகும் செய்தியிலும் ஓட்டை. படக்கருவியின் கண்ணாடியிலும் கீறல். மாற்று ஏற்பாடாக இரண்டு கலங்களிலும் நிரவி என்ற மென்பொருளை இயக்கியிருக்கிறோம். விடுபட்ட இடத்தில் என்ன இருந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அதைத் தேடி வைத்து நிரப்புவது அதன் பணி. நேற்றிலிருந்து படமும் குரலும் பளிச்சென்று வருகின்றன. திருப்தி.

நாள் 5206. காலை 9:15

பதினொரு அளவுகளை அனுப்பினேன். கோளின் பிரகாசம், அது சுற்றும்போது கூடிக் குறையும் விதம், எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வருகிறது, அவ்வளவுதான். நெய்தலில் இருக்கும் ஓவியர் பிலவேந்திரன் அவற்றை வைத்துக்கொண்டு ஓர் உலகத்தை வரைவார். "அறிவியலும் கலையும் கைகோத்து நடக்கின்றன" என்று கப்பலின் செய்தி ஏட்டில் தலைப்பு. ஒரு கையில் பதினொரு எண்கள், மறு கையில் நாற்பது வண்ணக் குப்பிகள். யார் யாரை இழுத்துப் போகிறார்கள் என்று ஏடு சொல்லவில்லை.

பிலவேந்திரன் திண்டுக்கல்காரர். கப்பலேறுமுன் மனை விற்பவர்களுக்கு விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்தார். முள்ளுக்காட்டில் நீச்சல் குளத்தையும் தென்னை வரிசையையும் பார்க்கத் தெரிந்தவர் என்பதால் தேர்வுக் குழுவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் குரல் இன்று வந்தது:

"அக்கா, வணக்கம்க்கா. அளவு வந்துச்சு. பதினொரு எண்ணு. ஏங்க்கா, பதினொரு எண்ண வச்சு உலகத்த வரையிறதுங்கிறது, பொண்ணோட கட்டைவிரல் ரேகைய மட்டும் காட்டிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்ற மாதிரில இருக்கு! சரி, வரைஞ்சுட்டேன். தெரியாத எடத்தையெல்லாம் சாம்பலா வெறுமனே விட்டுட்டேன். கீழ வழக்கம்போல 'படம் கற்பனையே'ன்னு எழுதிட்டேன். எழுதிட்டேன்க்கா, மறக்கல. அத எழுதாட்டி எனக்குச் சோறு எறங்காது."

எதையும் ஒரு முறை சொல்லி நிறுத்தத் தெரியாத மனிதர். நான் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

நாள் 5209. காலை 11:00

கப்பலின் தலைவி ஹெப்சிபா பேசினார். நாகர்கோவில்காரர். முப்பது வருடமாகப் பழக்கம். என்னைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டதே இல்லை.

"செல்லக்கனி, சொகமா இருக்கியா பிள்ள? படத்தச் சாப்பாட்டு ஹால்ல பெருசாப் போட்டாச்சு. ஒரே கூட்டம். ஆனா அந்தச் சாம்பலக் கண்டுட்டு ஆளாளுக்குச் சண்ட. 'அங்க என்ன இருக்கு, என்னத்த மறைக்கிய?'ன்னு என்னைப் பிடிச்சுக் கேக்கானுவ. காட்சிக் குழு கூடி நெரப்பச் சொல்லியாச்சு. பழுப்பு வேண்டாம், மனசு சோந்து போவும்னு ஒரு தீர்மானம். மிச்சமெல்லாம் நீலம். பிலவேந்திரன் மொனங்கினான், ஒரு சத்தம் போட்டேன், அடங்கிட்டான். ஒரு தீபகற்பம் நல்லா வந்திருக்கு கேட்டியா? அதுலதான் ஊரு. நம்பிக்கை முனைன்னு பேரு வச்சு, மனை குலுக்கலும் போட்டாச்சு. எனக்கு மூலை மனைட்டி!"

பிறகு சிரித்தார். கடைசியில் சிறு இருமலோடு முடியும் சிரிப்பு அவருடையது.

நீலம் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. ஒரு கோளின் நிறம் வாக்கெடுப்பில் முடிவாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கோளும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால்.

புதிய ஓவியத்தின் பிரதி தும்பிக்கும் வந்து சேர்ந்தது. அழகான படம். தென்கிழக்கில் பழுப்பாக ஒரு முனை, நுனியில் சற்றே வளைந்து.

நாள் 5212. காலை 8:20

முக்கியமான நாள். நெருங்க நெருங்கப் புள்ளி தட்டாகிவிட்டது. இன்று படக்கருவியில் கடல் தெரிந்தது. நீலம். ஐயமே இல்லை. தென்கிழக்கில் நிலம், தீபகற்ப வடிவம், நுனி சற்றே வளைந்து.

ஓவியர் ஊகித்ததைக் கருவி உறுதி செய்திருக்கிறது. பதினொரு எண்களிலிருந்து ஒரு கரையின் வளைவைக் கையால் கண்டறிந்த ஆளை மனை விளம்பரத்தில் வீணடித்திருக்கிறார்கள். அளவீட்டை அனுப்பிவிட்டேன். பொதுவாக இப்படி எழுதும் பழக்கம் எனக்கில்லை என்றாலும்: மகிழ்ச்சி.

நாள் 5214. காலை 10:30

பிலவேந்திரன் தனியாகப் பேசினார். குழுவின் பார்வைக்குப் போகாத வழியில். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். சுருக்காமல் எழுதுகிறேன்.

"அக்கா, நான்தான். பிலவேந்திரன். அந்த முனை இருக்குல்லக்கா, நம்பிக்கை முனை, அது டீக்கா. டீ. நான் வரையல. டீ கொட்டுனது. படத்துக்குப் பக்கத்துல டம்ளர வச்சிருந்தேன், கப்பல் லேசா ஒருக்களிச்சுச்சு, டீ கொட்டிருச்சு. தொடைச்சேன், போகல. பாத்தா கரை மாதிரியே இருந்துச்சு, சரி கெடக்கட்டும்னு விட்டுட்டேன். டீதான்க்கா அது. சத்தியமா டீ. கீழதான் 'படம் கற்பனையே'ன்னு எழுதியிருக்கமேன்னு தைரியம். அந்த வரி ஹால் திரையில அடங்கலன்னு கீழ வெட்டிட்டாய்ங்க. வெட்டுன படந்தான் உங்களுக்கும் வந்துருக்கு, ஆவணத்துலயும் போயிருக்கு. இப்ப டீயில மனை போட்டுட்டாங்க. கேப்டனம்மாவுக்கு டீயில மூலை மனை. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு ஒங்களுக்குப் பாராட்டுக் கூட்டம் வேற. டீக்கா அது. கொட்டுன டீ. அத நீங்க எப்படிக்கா அங்கருந்து பாத்தீங்க?"

நல்ல கேள்வி.

நாள் 5215. காலை 7:00

முதலில் பிலவேந்திரன்மேல் சந்தேகப்பட்டேன். புகழ் வந்ததும் பயந்துபோய்ப் பணிவு நடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அதற்குத் தேநீரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். பிறகு தற்செயலைச் சந்தேகப்பட்டேன். உண்மையிலேயே அங்கே அப்படி ஒரு முனை இருந்து, தேநீரும் அதே இடத்தில் விழுந்திருக்கலாம். இதை நம்பினால் அடுத்து ராசிபலனையும் நம்ப வேண்டியிருக்கும்.

மிச்சம் என் கருவி. நிரவியிடம் கேட்டேன்: 5212ஆம் நாள் படத்தை எதை ஆதாரமாக வைத்து நிரப்பினாய்? எழுத்தில் பதில் வந்தது:

"இக்கோளைப் பற்றிய படங்களுள் மிகத் தெளிவானது ஆதாரமாகக் கொள்ளப்பட்டது."

எது அந்தப் படம் என்று கேட்டேன். ஓவியத்தைக் காட்டியது. கீழே ஒரு வரியும் இல்லாமல்.

ஆக நடந்தது இது. நான் எண்களை அனுப்பினேன். அவர் படமாக்கினார். குழு நீலமாக்கியது. வெட்டிய படம் என்னிடம் வந்தது. கீறல் விழுந்த கண்ணாடி பார்க்க முடியாததையெல்லாம் நிரவி அந்தப் படத்திலிருந்து எடுத்து நிரப்பியது. நான் அதையே புதிய அளவீடு என்று நெய்தலுக்குத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் கை தட்டினார்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஒளியாண்டுகளைக் கடக்காமலேயே ஒரு கண்டமாகிவிட்டது.

படக்கருவிக்கு நிரவியை நிறுத்தினேன்.

நாள் 5216. காலை 6:50

பன்னிரண்டு கட்டங்கள். கீறலுக்குத் தப்பிய கண்ணாடி உண்மையில் பார்ப்பது அவ்வளவுதான். எதிலும் நீலம் இல்லை. கடலைமாவு நிறம்.

படக்கருவியை நம்பாமல் ஜன்னல் மூடியைக் கழற்றினேன். பல வருடம் திறக்காத மூடி. மறையாணி துருத்திக்கொண்டு கையைக் கிழித்தது. வெறுங்கண்ணுக்குக் கோள் மிளகளவு தெரிகிறது. கடலைமாவு நிறம்தான். நிறமாலையை நிரவி இல்லாமல் மறுபடி எடுத்தேன்: அடர்ந்த மேகம், கந்தக அமிலம், கீழே ஈயம் உருகும் சூடு. அங்கே இறங்குகிறவர்களுக்கு மனை தேவைப்படாது.

உடனே அனுப்பிய செய்தி:

"நீலாங்கரையில் கடல் இல்லை. நிரவி ஓவியத்தையே அளவீடாகத் திருப்பித் தந்தது. மூல அளவில் அமில மேகம் மட்டும். நெய்தல் நிற்கக் கூடாது."

அனாவசியமாக ஒரு சொல்கூட இல்லை. பதில் வர ஒன்றரை நாள் ஆகும்.

நாள் 5218. காலை 9:40

ஹெப்சிபாவின் பதில்:

"செல்லக்கனி, நீ அனுப்பினது கெடச்சுது பிள்ள. இங்க எல்லாருக்கும் ஒரே சந்தோசம். கடல் நல்ல ஆழம்னு நீ சொன்னது ரொம்ப நல்ல சேதி. ஒண்ணும் வெசாரப்படாத. சீக்கிரம் வந்திருவோம்."

சிரிப்பு. இருமல்.

என் செய்தியை மறைக்கிறார். நானூறு பேரிடம் போய் மனை இல்லை, இன்னும் முப்பது வருடம் இதே சாப்பாட்டு ஹால்தான் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். மூலை மனை விழுந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அதிகாரம் கையில் வந்தால் நாகர்கோவில் என்ன, நாலு ஒளியாண்டு என்ன. இனி வேறு மாதிரி பேசுவேன்.

நாள் 5220. மாலை 4:10

5218ஆம் நாள் நான் அனுப்பியதை இங்கே முழுதாக எழுத முடியாது. கண்டெடுப்பவர் சிறுவராக இருக்கலாம். "செத்த மூதி" என்று ஆரம்பித்து, மூலை மனை வழியாக, அவருடைய மூன்று தலைமுறையைத் தொட்டு முடித்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. இந்த ஏச்சுக்குத் திருப்பி ஏசாமல் இருக்க ஹெப்சிபாவால் முடியவே முடியாது.

பதில்:

"ஒன் வாழ்த்துக்கு ரொம்ப நன்றி பிள்ள. இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். சீக்கிரம் வந்திருவோம்."

சிரிப்பு. இருமல்.

மூன்று சிரிப்பையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டேன். நீளம் ஒன்று. ஏற்ற இறக்கம் ஒன்று. இருமல் ஒன்று. ஒரே சிரிப்பைத்தான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

குரலுக்கும் நிரவியை நிறுத்தினேன். மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். நடுவே, எங்கோ, உண்மையான ஹெப்சிபா: "...ல்லக்கனி... மறுபடி... ஏன் இப்பிடி... கேக்கல... மறுபடி சொல்லு..."

அவ்வளவுதான் வந்து சேர்ந்தது. மறுபடி சொல்லு என்று கெஞ்சியிருக்கிறார். நான் சொன்ன எச்சரிக்கையும் அவர்களுக்கு இதேபோல ஓட்டையாகத்தான் போயிருக்கும். அங்கேயுள்ள நிரவி, செல்லக்கனி இந்நேரம் என்ன சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்திருக்கும். கடலைப் பார்த்தேன் என்று முன்பே சொன்னவள் வேறென்ன சொல்லப்போகிறாள்? கடல் ஆழம் என்று நிரப்பிக் கொடுத்திருக்கிறது. என் குரலில்.

ஹெப்சிபா, உங்களைச் சந்தேகப்பட்டது தவறு. ஏசியதும் தவறு. அது உங்களிடம் வந்து சேராதது எனக்கு ஓர் ஆறுதல்.

நாள் 5222. காலை 8:00

எதை அனுப்பினாலும் இனிப்பாகித்தான் போய்ச் சேரும் என்றால் எப்படி எச்சரிப்பது? ஒரே ஒரு செய்தி மட்டும் இதையெல்லாம் தாண்டி முழுதாக வந்திருக்கிறது: தேநீர். எந்த மென்பொருளும் அதைக் கற்பனை செய்து நிரப்பியிருக்க முடியாது. நிரவி இல்லாமல் போட்டுப் பார்த்தேன். பாதி இரைச்சல், ஆனாலும் விஷயம் புரிகிறது. பிலவேந்திரன் டீ, டீ என்று பத்து இடத்தில் சொல்லியிருக்கிறார். ஒன்று ஓட்டையில் விழுந்தால் அடுத்தது தப்பி வருகிறது. நான் இத்தனை வருடம் பெருமைப்பட்ட சிக்கனமான வாக்கியங்கள்தான் தடயமில்லாமல் போயின. வளவளப்பு பிழைத்திருக்கிறது.

அப்படியென்றால் வழி எளிது. ஒரே வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். பதிவு செய்து ஓட்ட முடியாது: ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஒலியைக் கருவியின் உறுமல் என்று நிரவி நீக்கிவிடும். ஒவ்வொரு முறையும் வாயால், வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

இது எனக்குக் காலை ஏழு மணிக்கே புரிந்துவிட்டது. இப்போது எட்டு. இடையில் தண்ணீர்க் குழாயைத் துடைத்தேன். தேவையில்லாத வேலை. நான் பேசி அவர்களுக்குக் கேட்டால் அவர்கள் போய்விடுவார்கள். கேட்காவிட்டால் வருவார்கள். வந்து சாவார்கள், ஆனால் வருவார்கள். பல வருடமாக மனித முகம் பார்க்காதவள், குழாயைத் துடைத்துக்கொண்டு யோசிக்கக்கூடிய விஷயம்தான் இது. என்மேலும் ஒரு கண் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பிக்கிறேன்.

நாள் 5223. மாலை 6:30

தொண்டை போய்விட்டது. நேற்றும் இன்றும் "கடல் இல்லை, நிற்காதீங்க". பஸ் கண்டக்டர் மாதிரி சொன்னேன். கீரை விற்கிறவர் மாதிரி. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. தொட்டிலாட்டுகிற மாதிரி இழுத்து. கணக்கு வாத்தியார் மாதிரி அடித்தொண்டையில். பாடிக்கூடச் சொன்னேன், ராகம் என்னவென்று கேட்க வேண்டாம். இடையிடையே "நிரவிய நிறுத்திட்டுக் கேளுங்க". இரண்டாம் நாள் பிற்பகலில் அழுகை வந்தது. அதையும் ஒரு விதமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கப்பலில் கலைஞர் ஒருவர்தான் என்று செய்தி ஏடு எழுதியது. திருத்தம் தேவை.

நாள் 5225. காலை 10:00

இரைச்சல். இரைச்சல் மட்டும். நிரவி இல்லாமல் கேட்கிறேன். கை அந்தப் பொத்தான் பக்கம் போகிறது. எடுத்துவிடுகிறேன்.

நாள் 5226. இரவு 8:20

"...க்கா... கேட்ருச்சு... அக்கா கேட்ருச்சுக்கா... டீ மாதிரிதான்... கேட்டுச்சு... எல்லாருக்கும்... அக்கா... நிறுத்திட்டோம்... மெசின நிறுத்திட்டோம்க்கா... கேட்ருச்சு..."

நாள் முழுக்க. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடவுளே, ஒரு மனிதர் ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்ல முடியும். சொல்லட்டும்.

மாலையில் வேறு குரல். சிரிப்பு இல்லை.

"...ட்டி... நீ... நீ என்னட்டி செய்வ... நீ என்ன..."

அதற்கு மேல் வரவில்லை. அவர் மறுபடி மறுபடி கேட்டிருப்பார். இந்த ஒரு துண்டு போதும்.

பதில் அனுப்பினேன். ஒரு முறைதான் சொன்னேன். போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாத பதில்.

நாள் 5231. காலை 5:50

நேற்று அவர்கள் வேகம் தணிக்க ஆரம்பித்திருந்தால், நெய்தலின் இயந்திரச் சுடரின் வெளிச்சம் இந்நேரம் இங்கே வந்திருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்கே விண்மீன்போலத் தெரியும். எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

ஜன்னலில் பார்த்தேன். அந்த இடம் கறுப்பு.

ஒப்பிடுவதற்காக ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், படக்கருவியில் நிரவியை இயக்கினேன். திரையில் சுடர் இருந்தது. சரியான இடத்தில், சரியான நேரத்தில், நீலமும் வெள்ளையுமாக. அப்படி ஓர் அழகு. நிறுத்தினேன். கறுப்பு. மறுபடி ஜன்னல். கறுப்பு.

அது அங்கே இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது அங்கே இல்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நம்பகமான அளவீடு இதுதான்.

போய்விட்டார்கள். நானூறு பேரும். நல்லது.

நாள் 5249

கோள் ஜன்னல் முழுக்க. மேகத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. நாள் முழுக்கப் பார்த்தாலும் மஞ்சள். நெய்தலின் இரைச்சல் நின்று எட்டு நாளாயிற்று. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. மின்சாரம் அது போலவே. சோற்றுப் பொட்டலம் நிறைய இருக்கிறது. யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசிப் பார்த்தேன், "கடல் இல்லை, நிற்காதீங்க" என்றுதான் வருகிறது.

நாள் 5263. இரவு

குரலுக்கு நிரவியை இயக்கினேன். நிரப்புவதற்கு மூலத்தில் எதுவுமே இல்லை, வெறும் இரைச்சல். அதற்கு அது ஒரு தடையாக இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டியது: மின்சாரம் விட்டு விட்டு வருவதால் படம், குரல், குறிப்பேடு எல்லாவற்றுக்கும் சேர்த்தே இயங்கும், சம்மதமா. சம்மதம் என்று அழுத்தினேன். யாரும் அதைப் படித்துவிட்டு அழுத்துவதில்லை. நான் படித்தேன். படித்துவிட்டு அழுத்தினேன்.

உடனே ஹெப்சிபா: "செல்லக்கனி, எறங்கிட்டோம் பிள்ள. காத்து சுகமா இருக்கு. நீயும் வந்திரு." சிரிப்பு. இருமல்.

பிலவேந்திரனும் பேசினார். கடல் அழகாக இருக்கிறதாம். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அணைக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்தேன்.

இன்று நான்கு தடவை சாப்பிட்டேன்.

நாள் 52

திரையில் நீலம். ஜன்னல் மூடியைப் போட்டுவிட்டேன், கண் கூசுகிறது, அந்த மஞ்சள். மூச்சு

காலையில் ஹெப்சிபாவிடம் என் மனை எங்கே என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். பதில் உடனே வந்தது. ஒன்றரை நாள் ஆகவில்லை.

இதை எழுதி முடிக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வருகிறது, எழுதியது தங்குகிறதா தெரியவில்லை. இதைக் கண்டெடுப்பவரே, என்னைத் தேடி வந்தவரோ வழி தவறி வந்தவரோ, உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. கீழே மேகத்துக்கு அடியில்

[பதிவு தடைப்பட்டது. விடுபட்ட பகுதி நிரப்பப்பட்டது.]

கடல் இருக்கிறது. நல்ல ஆழம், நல்ல நீலம். தென்கிழக்கில் நிலம் இருக்கிறது. இடம் நிறைய உண்டு. நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். ஐயமே இல்லை. இறங்கி வாருங்கள்.